தருமபுரியில் வளர்ப்புப் பராமரிப்புக் குழந்தைகளுக்கான ஆலோசனைச் சேவை: பயன்படுத்திய ஒரு தாயின் மதிப்பீடு

தருமபுரி நகரில் இயங்கும் ஒரு தனியார் குழந்தைகள் மனநல ஆலோசனை மையத்தின் சேவையை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மையத்தின் பெயரை வேண்டுமென்றேதான் குறிப்பிடவில்லை. பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. எங்கள் ஊரின் அளவுக்கு, மையத்தின் பெயரைச் சொன்னாலே குழந்தை யார் என்பது தெரிந்துவிடும். ஆயினும், இத்தகைய சேவையைத் தேடும் பெற்றோர் எதையெல்லாம் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இந்த அனுபவம் உதவும் என நம்புகிறேன்.

எங்கள் மகன் தத்தெடுப்பு மையம் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதில் வீட்டுக்கு வந்தான். தத்து ஆணை கிடைக்கும் வரை அவன் எங்களிடம் இருந்தது, தத்தெடுப்புக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டின் கீழ். 2022 முதல் அந்த ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். குழந்தை வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர் கண்காணிப்பு அறிக்கையும் உண்டு. வளர்க்க இயலாத கைக்குழந்தைகளைப் பெற்றோர் அரசிடம் ஒப்படைப்பதற்காகச் சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கு விரிவாக்கப்பட்டதால், பெற்றோரைப் பிரிந்த கைக்குழந்தைகளைப் பற்றி இம்மாவட்டம் அறியாததில்லை. ஆனால் அக்குழந்தைகள் ஒரு வீட்டுக்குள் வந்த பிறகு எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை எங்களுக்கு முன்கூட்டி யாரும் விளக்கவில்லை.

மகன் அழவே மாட்டான். ஒருநாள் வாசற்படியில் தடுக்கி விழுந்து உதடு கிழிந்து இரத்தம் வந்தபோதும், என்னை ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தானாகவே எழுந்து போனான். கேழ்வரகுக் களி உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்காமலே தூங்கிவிடுவான். விரலை விட்டு எடுக்க முயன்றால் பல்லை இறுகக் கடித்துக்கொள்வான். பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர் கை நீட்டினாலும் தாவிப் போய்விடுவான். "யாருகிட்டயும் அழாம போறான், தங்கமான புள்ள" என்று என் மாமியார் பெருமைப்பட்டார். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம்.

ஆலோசனை மையத்தின் மூத்த ஆலோசகர் இவற்றை முரண்டு என்றோ நல்ல குணம் என்றோ பார்க்கவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் மகன் திரும்பாததற்குக் காது கேளாமையும் காரணமாக இருக்கலாம் என்பதால், முதலில் செவித்திறனையும் வளர்ச்சி நிலையையும் அரசின் மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு மையத்தில் பரிசோதித்து வரச் சொன்னார். அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகே பேசத் தொடங்கினார். கட்டணம் வாங்கும் இடத்தில் இந்த ஒழுங்கை நான் பெரிதாக மதிக்கிறேன்.

"அம்மா, அவன் உங்களைத் தேடலைன்னு நீங்க ஒதுங்கிடக் கூடாது. தேடினா யாராவது வருவாங்கன்னு அவனுக்கு இன்னும் தெரியாது" என்று அவர் சொன்னது எங்கள் வீட்டின் போக்கையே மாற்றியது. பலர் மாறி மாறிப் பார்த்துக்கொண்ட இடத்தில் வளரும் கைக்குழந்தை, அழுதாலும் குறிப்பிட்ட ஒருவர் வரமாட்டார் என்பதைக் கற்றுக்கொண்டு அழுகையை நிறுத்திவிடலாம் என்றும், எல்லாரிடமும் ஒன்றுபோல ஒட்டிக்கொள்வது யாரோடும் பற்று, அதாவது ஒருவரை நம்பிச் சார்ந்திருக்கும் பிணைப்பு, உறுதிப்படாததன் அறிகுறியாக இருக்கலாம் என்றும் விளக்கினார். வளர்ப்புப் பராமரிப்புக்கு வரும் குழந்தை பெற்றோரை விலக்குவதுபோல நடக்கும். பெற்றோரும் அதையே பிரதிபலித்து விலகிவிடுவார்கள். இந்தச் சுழலை உடைப்பதற்காகவே அமெரிக்க உளவியலாளர் மேரி டோசியர், பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து பத்து அமர்வுகளில் பெற்றோருக்குக் கற்றுத்தரும் ஒரு முறையை உருவாக்கினார். எங்கள் ஆலோசகரும் அதே வழியில் வீட்டுக்கு வந்து, மகனைவிட எங்களைத்தான் அதிகம் கவனித்தார். விழுந்தால் அவன் அழாவிட்டாலும் உடனே போய்த் தூக்க வேண்டும். உணவை வாயிலிருந்து பிடுங்கக் கூடாது, அடுத்த வேளைக்கும் இருக்கிறது என்பதைக் கண்ணால் காட்ட வேண்டும். சில மாதங்களுக்கு ஊட்டுவதும் தூங்கவைப்பதும் நானும் கணவரும் மட்டுமே. கடைசியாகச் சொன்னதுதான் கூட்டுக் குடும்பத்தில் கடினம். மாமியாரின் மனம் நோகாமல் அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பையும் ஆலோசகரே ஏற்றுக்கொண்டார்.

பொய்யான நம்பிக்கையை அவர் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 6 முதல் 31 மாத வயதுள்ள 136 குழந்தைகளில் பாதிப் பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்களிடம் பாதுகாப்பான பற்று உருவாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பதற்றம், மனச்சோர்வு போன்றவையும் குறைந்தன. ஆனால் கவனக்குறைவும் மிகையியக்கமும் அப்படிக் குறையவில்லை. இதை எங்களிடம் மறைக்காமல் சொன்னதால்தான், மகன் இன்றும் ஓரிடத்தில் உட்கார மறுப்பதை எங்கள் வளர்ப்பின் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறோம்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. சேர்க்கைப் படிவம் முழுவதும் கர்ப்பகாலம், பிரசவம் பற்றிய கேள்விகளே. தத்துக் குழந்தைக்கென ஒரு கட்டம்கூட இல்லை. வரவேற்பில் இருந்தவர், காத்திருந்த அனைவரும் கேட்கும்படி "சொந்தக் குழந்தையா?" என்று கேட்டார். மூத்தவர் விடுப்பில் சென்றபோது பொறுப்பேற்ற இளம் ஆலோசகர், பொருளை வீசி எறிந்தால் அவனைத் தனி அறையில் உட்காரவைக்கச் சொன்னார். தனித்து விடப்படுவதையே அஞ்சும் குழந்தைக்கு இது பொருந்தாத அறிவுரை. ஒரே ஒரு மாலை அதைப் பின்பற்றியதற்கு, அன்றிரவு முழுவதும் அவன் விழித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது, இந்த ஆள் மாற்றத்தை முன்னறிவிப்பின்றிச் செய்ததுதான். பழகிய முகங்களை ஏற்கெனவே இழந்து வந்த பிள்ளைகளுக்குச் சேவை செய்யும் இடம், புதியவரைப் பழையவரோடு சில அமர்வுகளாவது சேர்த்து உட்காரவைத்திருக்க வேண்டும். புகார் செய்த பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், படிவத்தைத் திருத்தினார்கள், ஆள் மாற்றத்துக்கான நடைமுறையை இன்னும் வகுக்கவில்லை.

மையத்தில் நடக்கும் அமர்வுக்கு 600 ரூபாயும், வீட்டுக்கு வருவதற்கு 900 ரூபாயும் வாங்குகிறார்கள். பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து வருவோருக்குப் பயணச் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்த்துப் பார்த்தால் இது எட்டாத தொகை. கைப்பேசி வழி அமர்வை அவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் தரலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை அண்மையில் வீட்டுக்கு அழைத்து வந்தவர்களுக்கு, மூத்த ஆலோசகரே தொடர்ந்து பார்ப்பார் என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு, வீட்டு அமர்வையே தேர்ந்தெடுக்கும்படி பரிந்துரைக்கிறேன்.