பத்து வருட கிரைண்டர்: உளுந்துக்கு உயிர், மற்றதற்கு மிக்சி

2014 பொங்கலுக்கு முன்னால் வாங்கிய 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் இது. கோவையில் தயாரானது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அதனால் யோசிக்காமல் எடுத்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன், வாரத்துக்கு ஒருமுறையாவது.

முதலில் உளுந்து. கிரைண்டர் வாங்குவதே அதற்காகத்தான் என்பேன். 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இதே உளுந்தை மிக்சியில் போட்டால் பிளேடு சுற்றும் வேகத்தில் மாவு சூடாகிவிடும், பொங்கவும் பொங்காது. கல் மெதுவாகச் சுற்றுகிறது, காற்றும் உள்ளே போகிறது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரை மணி நேரம் விட்டால் டம்ளர் உளுந்து பாத்திரம் நிறையும். ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம்.

அரிசியை இரண்டு வருடமாக மிக்சியில்தான் அரைக்கிறேன். ரவை பதத்துக்கு அது போதும், நேரமும் மிச்சம். "ஆட்டுக்கல்லை விட்டு கிரைண்டருக்கு வந்தீங்க, இப்ப அதையும் விட்டுட்டியா?" என்று அத்தை கேட்டார். ஆனால் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அமாவாசை, தீபாவளி என்று வடை சுடும் நாட்களில்தான் பொறுமை போகும். வடை மாவுக்குத் தண்ணீர் விடவே கூடாது. கெட்டியாக இருப்பதால் மாவு சுவரோரம் ஒட்டிக்கொண்டு கல் சும்மா சுற்றும். பக்கத்திலேயே நின்று கரண்டியால் தள்ளிவிட வேண்டும். ஐஸ் தண்ணீரைக் கையில் தொட்டுத் தெளித்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஒரு தடவை அவசரத்தில் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றித் தொலைத்தேன். அன்றைக்கு வடை இல்லை, போண்டாதான்.

அதிரசத்துக்கு இது உதவாது. ஊறவைத்த பச்சரிசியைத் துணியில் உலர்த்தி, கையில் ஈரம் தெரியும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். அந்த ஈர மாவை மிக்சியில்தான் எடுக்கிறேன். சுசியத்தின் மேல்மாவுக்கு மட்டும் கிரைண்டர்: உளுந்தும் பச்சரிசியும் சம அளவு, வெண்ணெய்போல அரையும்.

கூடவே தந்த தேங்காய்த் துருவியை மூன்று முறை மாட்டியிருப்பேன். சப்பாத்தி மாவு பிசையும் கை இன்னும் பரணில், கவரோடு. இரண்டையும் நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். சட்னிக்கும் இது ஆகாது. ஒரு கைப்பிடி தேங்காய் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே காணாமல் போய்விடும்.

செலவு என்றால் பெல்ட் இரண்டு முறை மாற்றினேன். முதல் முறை பழுது பார்க்க வந்தவர் மோட்டாரே போய்விட்டது என்றார். நம்பாமல் தெருமுனைக் கடைக்குத் தூக்கிப்போனேன், வெறும் பெல்ட். தூக்குவதுதான் கொடுமை: 12 கிலோவுக்குக் குறையாது, இடுப்பு சொல்லும். மேடையிலேயே நிரந்தரமாக ஒரு இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அலமாரிக்குள் போனால் அப்புறம் வெளியே வராது.

போன வாரம் லேசாக ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. தீபாவளிக்கு முன்னால் அந்தக் கடைக்காரரிடம் காட்டிவிட வேண்டும்.