கூகுள் கிளாஸ்ரூமோடு 5 வருடம்: எதை விட்டேன், எதை விடவில்லை

2020-ல் வேறு வழியில்லாமல்தான் கூகுள் கிளாஸ்ரூம் என்ற இந்த இணைய வகுப்பறைக்குள் வந்தேன். பள்ளி மூடியிருந்தது, பிளஸ் டூ இயற்பியல் மொத்தமும் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது, காலையில் போட்ட நோட்ஸ் மதியத்துக்குள் 'ஓகே சார்', 'தேங்க்யூ சார்' குவியலுக்கு அடியில் போய்விடும், மறுநாள் பத்துப் பேர் மறுபடியும் கேட்பார்கள். கிளாஸ்ரூமில் பாடவாரியாக அடுக்கி வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த ஒரு காரணத்துக்காகவே ஆரம்பித்தேன்.

பள்ளிகளுக்கென்று கூகுள் தரும் கல்விக் கணக்கு எங்கள் பள்ளிக்குக் கிடையாது. என் சொந்த ஜிமெயில்தான். அப்படிப் பயன்படுத்தினால் பெற்றோருக்கு வாராந்திர மின்னஞ்சல் போகும் வசதி இருக்காது, 15 ஜிபி இடம்தான். அதை என் பாட வீடியோக்களாலேயே ஒரே வருடத்தில் நிரப்பினேன்.

முதல் இரண்டு வருடம் எல்லாவற்றையும் அதில் திணித்தேன், அது என் தப்பு. வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்று படுத்துக்கொண்டு வரும், இன்னொன்றில் ஃபேன் நிழல், மற்றொன்றில் பாதிக் கணக்கைக் கட்டைவிரல் மறைத்திருக்கும். நாற்பது பேருடையதைப் போனில் திருத்தி முடிப்பதற்குள் கண் எரியும். இப்போது நோட்டு நேராக என் மேசைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் 'கேள்வி' என்று ஒரு வசதி இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நாம் ஒரு கேள்வி போடலாம். மாணவர் தன் பதிலை அனுப்பிய பிறகுதான் மற்றவர்கள் எழுதியது அவருக்குத் தெரியும். அனுப்பியதைத் திருத்த முடியாதபடியும் வைக்கலாம். காப்பியடிக்க வழியில்லை, ஆனால் அனுப்பியபின் சண்டை போடலாம். ஒரு வருடம் பிளஸ் ஒன்னுக்கு இப்படிப் போட்டேன்: மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது திசைவேகம் சுழி, சரி, முடுக்கம்? வகுப்பில் கேட்டால் முதல் பெஞ்ச் சொல்வதை எல்லோரும் பாட்டாகப் பாடுவார்கள். இங்கே பாதிக்கு மேல் 'அதுவும் சுழி' என்று எழுதியிருந்தார்கள், முதல் பெஞ்சில் சிலரும் சேர்த்துத்தான். அப்புறம் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், கீழே எழுதினாள்: "ரெண்டுமே ஜீரோன்னா பந்து அங்கயே தொங்கிட்டு இருக்கணுமே?" அதற்குக் கீழே இரவு பத்து மணி வரை வாக்குவாதம். நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மறுநாள் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐக் கரும்பலகையில் எழுதியபோது விளக்க எனக்கு மிச்சம் அதிகம் இல்லை.

ஆசிரியருக்கு மட்டும் தெரியும்படி தனிப்பட்ட கருத்து அனுப்பும் இடமும் அப்படித்தான். 'சார் ஒரு டவுட்' என்று கை தூக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் அங்கே கேட்கிறார்கள். பெரும்பாலும் தங்கிலீஷில்தான். தமிழில் தட்டச்சு செய் என்று ஒரு தடவை கண்டித்தேன், அந்த வாரம் யாருமே எதுவும் கேட்கவில்லை. பிறகு அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு விபத்தும் உண்டு. வினா வங்கி ஒன்றை எல்லோரும் சேர்ந்து நிரப்பட்டும் என்று ஒரே ஆவணத்துக்கு எல்லோருக்கும் திருத்தும் அனுமதி கொடுத்தேன். ரிவிஷன் தேர்வுக்கு முந்தின ராத்திரி யாரோ முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார்கள். ஆவணத்தின் பதிப்பு வரலாற்றுக்குப் போனால் பழையதை மீட்கலாம் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன், வியர்த்தபடி. அதே மாதிரி, யூனிகோடு வராத காலத்து எழுத்துருவில் அடித்த வினாத்தாள்களை அப்படியே ஏற்றாதீர்கள், ஜிலேபி பிழிந்த மாதிரிதான் தெரியும். பிடிஎஃப் ஆக்கிவிட்டு ஏற்றுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கெடு நேரத்தில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். பல வீடுகளில் போன் அப்பாவுடையது. அவர் வேலை முடிந்து வந்தால்தான் பிள்ளை கைக்கு வரும். நான் வெள்ளிக்கிழமை கேள்வியைப் போட்டு ஞாயிறு இரவு வரை விடுகிறேன். அப்படியும் போன் கிடைக்காத நாலைந்து பேர் திங்கள் காலை துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார்கள், அதை நானே உள்ளே தட்டச்சு செய்து போடுகிறேன்.