ப்ராக்டர் சோம்பேறியா, இல்ல தப்பான எடத்துல நிக்க வச்சுட்டாங்களா?

2023 சீசன்ல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல ஆலபாமா யுனிவர்சிட்டி மேட்ச் பாத்த யாருக்கும் 74ஆம் நம்பர் ஜெர்சி மறந்திருக்காது. கேடின் ப்ராக்டர். 6 அடி 7 அங்குலம், 360 பவுண்ட், அதாவது 160 கிலோவுக்கு மேல, அயோவா மாநிலத்துப் பையன், ஸ்கூல்லேர்ந்து நேரா வந்து முதல் மேட்ச்லயே கோச் நிக் சேபன் டீம்ல லெஃப்ட் டேக்கிள், அதாவது லைனோட இடது ஓரத்துல நின்னு குவாட்டர்பேக்க (பந்த எறியுறவன) காக்குறவன். அந்த வருஷம் ஆலபாமா குவாட்டர்பேக் மொத்தம் 49 சாக் (பந்த எறியறதுக்கு முன்னாடியே எதிராளி பிடிச்சு சாய்க்கிறது) வாங்குனாங்க, அதுல 12 இந்தப் பையன் கணக்குலனு, ப்ளே ப்ளேயா அலசி மார்க் போடுற பிஎஃப்எஃப் கம்பெனி சொல்லுது. அதுலேர்ந்து ஆரம்பிச்ச சண்டை தான், இன்னும் ஓயல.

சண்டை ரெண்டு கட்சியா போகுது. ஒரு கட்சி, பையனுக்கு மனசே இல்ல, உடம்ப வச்சு ஓட்டிட்டு இருக்கான்னு சொல்லுது. இன்னொரு கட்சி, பையன் நல்லவன் தான், எடம் தான் தப்பு, ஓரத்துலேர்ந்து ஒரு எடம் உள்ள தள்ளி கார்டா போடுங்கனு சொல்லுது. கிரிக்கெட்ல ஓப்பனர் தடுமாறுனா அஞ்சாவதா இறக்குங்கப்பானு டீக்கடையில சொல்லுவோம்ல, அதே கதை தான்.

நான் முதல்ல சோம்பேறி கட்சி தான், ஒத்துக்குறேன். செப்டம்பர் 9, டெக்சஸ் நம்ம சொந்த கிரவுண்டுக்கே வந்து 34-24னு அடிச்சுட்டுப் போன அன்னைக்கி, 5 சாக், நான் டிவி முன்னாடி உக்காந்து திட்டுன திட்டு எனக்கே ஞாபகம் இருக்கு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ரீப்ளே பாக்க ஆரம்பிச்சேன். பந்த பாக்காம 74ஐ மட்டும் பாக்குறது. பாக்கப் பாக்க என் கட்சி ஆட்டம் கண்டுருச்சு.

சோம்பேறி கட்சியோட பெரிய ஆதாரமே "சும்மா நிக்குறான் பாரு"ங்கிற க்ளிப் தான். எதிராளி டிஃபென்சிவ் எண்ட் (ஓரத்துலேர்ந்து குவாட்டர்பேக்க பிடிக்க பாயுறவன்) அவன தாண்டி ஓடுறான், இவன் கையக்கூட நீட்டல, பாத்தா பத்திக்கிட்டு வரும். ஆனா மில்ரோ மாதிரி ஓடுற குவாட்டர்பேக் இருக்குற டீம்ல ரீட் ஆப்ஷன்னு ஒரு ப்ளே இருக்கு, அதுல அந்த எண்ட வேணும்னே விட்டுடுவாங்க. அவன் உள்ள வந்தா மில்ரோ பந்த வச்சுக்கிட்டு வெளிய ஓடணும், அவன் வெளிய நின்னா பந்த வாங்கிட்டு ஓடுற ரன்னிங் பேக்குக்கு குடுக்கணும், அப்படி அந்த எண்டயே குழப்புறது தான் ப்ளே. டேக்கிள் அவன தொட்டாதான் தப்பு. மில்ரோ தப்பா படிச்சு அடி வாங்குனா திட்டு டேக்கிளுக்கு வருது. ஸ்க்ரீன் பாஸ்லயும், அதாவது பாஞ்சு வர்ற ரஷர் தலைக்கு மேல குட்டியா எறியுற பாஸ்லயும், இதே தான், ரஷர உள்ள வா வானு விடுறது தான் வேலையே.

இன்னொன்னு, ஆர்பிஓ. ஓட்டமா பாஸானு குவாட்டர்பேக் கடைசி நொடியில முடிவு பண்ற ப்ளே. காலேஜ் ரூல்படி பந்து பறக்குறப்போ லைன்மேன் 3 யார்டுக்கு மேல முன்னாடி போயிருந்தா பெனால்டி, என்எஃப்எல்ல, அதாவது சம்பளத்துக்கு ஆடுற லீக்ல, அது 1 யார்டு தான். அதனால ஓட்டத்துக்கு ப்ளாக் பண்ற மாதிரி கிளம்புன டேக்கிள், எதிர்ல ஆள் இல்லனா ரெண்டு யார்ட்ல சடன் ப்ரேக் போட்டு நின்னுடுவான். டிவியில பாத்தா பஸ் வரலையேனு ஸ்டாப்புல நிக்குறவன் மாதிரி தெரியும். மேற்கொண்டு போனா கொடி பறக்கும், அதுக்கு வேற தனியா திட்டு.

அதுக்காக சோம்பேறி கட்சி மொத்தமா பொய்னு சொல்ல மாட்டேன். அவங்க சொல்றதுல ஒண்ணு உண்மை, நாலாவது குவார்ட்டர்ல கால் நின்னுடுது. முதல் குத்து சரியா விழும், ரெண்டு கையும் எதிராளி நெஞ்சுல பதியும், அந்த நீள கைக்கு அது போதும், ஆனா அதுக்கப்புறம் கால் ஓடிட்டே இருக்கணும், குட்டி குட்டி ஸ்டெப்பா விசில் ஊதுற வரைக்கும். 360 பவுண்ட தூக்கிட்டு அறுபது எழுபது ப்ளே அப்படி ஓடுறதுக்கு ஒரு மூச்சு வேணும், 18 வயசுல அது அவன்கிட்ட இல்ல. கால் நின்ன உடனே இடுப்பு மடங்கும், தல முன்னாடி சாயும், எதிராளி கையத் தட்டிவிட்டா இவன் காத்துல விழுவான். இத சோம்பேறித்தனம்னு சொல்றதும் மூச்சு பத்தலனு சொல்றதும் பாக்குறவனுக்கு ஒண்ணா தெரியலாம், கோச்சுக்கு ஒண்ணு இல்ல. ப்ளே முடியறதுக்கு முன்னாடி நடக்க ஆரம்பிக்கிறத கோச்சுங்க லோஃப்னு தனியா எண்ணி வைப்பாங்க. கால் ஓய்ஞ்சு தோக்குறது வேற கணக்கு, அதுக்கு மருந்து சாப்பாட்டுலயும் ஓட்டத்துலயும் இருக்கு.

அயோவா யுனிவர்சிட்டிக்கு வரேன்னு வாக்கு குடுத்துட்டு 2022 டிசம்பர்ல கடைசி நேரத்துல ஆலபாமாவுக்கு மாறுனான், அதனால மனசு நிலையில்லாதவன்னு சிலர் இழுப்பாங்க. இத நான் கணக்குலயே எடுக்கல, பதினேழு வயசுல யாருக்குய்யா நிலையான மனசு இருந்துச்சு.

49 சாக்குல பங்காளிங்க வேற இருக்காங்க. மில்ரோ பந்த கையில வச்சுக்கிட்டு நாலு நொடி அஞ்சு நொடி சுத்துவான், அதுல தான் பெரிய பெரிய ப்ளேவும் வரும், சாக்கும் வரும். எந்த டேக்கிளும் அவ்ளோ நேரம் பிடிச்சு நிக்க முடியாது. சீசன் கடைசில ரோஸ் பவுல் மேட்ச்ல மிச்சிகன் 6 தடவ சாக் பண்ணாங்க, 27-20னு ஓவர்டைம்ல தோத்தோம், கடைசி ப்ளேல லைன் நடுவுல நிக்குற சென்டர் செத் மெக்லாக்லின் ஸ்னாப் (ப்ளே ஆரம்பிக்க பந்த பின்னாடி குவாட்டர்பேக்குக்கு அனுப்புறது) தாழ்வா வந்துச்சு. அந்த சீசன் பூரா அவன் ஸ்னாப் பத்தி திட்டாத ஆள் கிடையாது. அதே மெக்லாக்லின் அடுத்த வருஷம் ஒஹையோ ஸ்டேட் போனான், 2024ல நாட்டுலயே பெஸ்ட் சென்டருக்கான ரிமிங்டன் ட்ராஃபி வாங்குனான். அதே ஆள், அதே கை. லைன்ல அஞ்சு பேரும் சேந்து தான் ஒரு ஆளுங்கிறதுக்கு இதவிட என்ன வேணும், தெரியல.

சரி, மனசு விஷயத்த விடுங்க, எடத்துக்கு வருவோம். இதுல தான் நெஜமான சண்டை இருக்கு, கார்டு கட்சிக்கிட்ட சரக்கு இருக்கு.

டேக்கிளுக்கும் கார்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, கார்டு லிஃப்ட்டுக்குள்ள சண்ட போடுறவன், டேக்கிள் மைதானத்துல நின்னு சண்ட போடுறவன். கார்டுக்கு ரெண்டு பக்கமும் நம்ம ஆள், எதிராளி ஒரு கை தூரத்துல, பலம் தான் பேசும். டேக்கிள் ஓரத்துல தனியா நிப்பான். ஸ்னாப் ஆன உடனே வெளிக்கால பின்னாடி எறியணும், கிக் ஸ்டெப்னு சொல்றது, உள்கால் அதுக்கு ஏத்த மாதிரி தரைய உரசிட்டே வரணும், ரெண்டும் ஒட்டிடவும் கூடாது குறுக்கிடவும் கூடாது, இடுப்பு எதிராளிக்கு நேராவே இருக்கணும். 2023ல ப்ராக்டருக்கு போனது இந்த எடம் தான். முதல் கிக் ஒழுங்கா போகும், ரெண்டாவது கொஞ்சம் குட்டையாயிடும், எட்ஜ் ரஷர் தோளத் தாழ்த்தி வெளிய வளையுறான்னு தெரிஞ்ச உடனே பதறிப்போய் இடுப்ப முழுசா திருப்பிடுவான். திருப்புன அடுத்த நொடி உள்பக்கம் கதவு தெறந்த மாதிரி, அவன் உள்ள வெட்டி நேரா மில்ரோ மேல. வெளிய மூடுனா உள்ள போவான், உள்ள காத்தா வெளிய போவான். சிறுத்தையும் யானையும் ஓட்டப்பந்தயம் வச்ச மாதிரி இருக்கும் பாக்க. நேரா வந்து இடிக்கிறவன மட்டும் சுவர் மாதிரி நிறுத்திடுவான், கார்டு கட்சி "பாத்தியா, இது கார்டோட வேல"னு சொல்றது அதனால தான்.

அதுக்கு மேல ஆலபாமாவோட பழக்கமே இவங்க பக்கம் பேசுது. அலெக்ஸ் லெதர்வுட் 2018ல ரைட் கார்டு, அப்புறம் தான் லெஃப்ட் டேக்கிள், 2020ல பெஸ்ட் லைன்மேனுக்கான அவுட்லேண்ட் ட்ராஃபி. எவன் நீல் 2019ல லெஃப்ட் கார்டு, 2020ல ரைட் டேக்கிள், 2021ல தான் லெஃப்ட் டேக்கிள், அப்புறம் என்எஃப்எல் டீமுங்க காலேஜ் ஆளுங்கள வரிசையா எடுக்குற ட்ராஃப்ட்ல 7ஆவது ஆளா போனான். பையன முதல்ல உள்ள வச்சு பழக்கிட்டு அப்புறம் வெளிய அனுப்புறது. ப்ராக்டருக்கு மட்டும் நேரா ஆழத்துல தள்ளிவிட்டு நீந்துடானு சொன்னாங்க.

ஆனா 2023ல உள்ள எங்க எடம் இருந்துச்சுங்குறது தான் என் கேள்வி. கார்டுல டைலர் புக்கர் இருந்தான், அவன நகத்த முடியாது, பின்னாடி 12ஆவதா ட்ராஃப்ட் ஆனவன். லெஃப்ட் டேக்கிள் எடம் டைலர் ஸ்டீன் போனதால காலி. ப்ராக்டர உள்ள தள்ளுனா வெளிய யாரு, எலைஜா ப்ரிட்செட்டா? பேய்க்கு பயந்து பிசாசக் கட்டிக்கிட்ட கதை ஆயிருக்கும்னு தான் எனக்கு தோணுது. (ஸ்டீனும் என்எஃப்எல்ல ஈகிள்ஸ் டீமுக்கு போய் கார்டு தான் ஆனான், கார்டு கட்சிக்கு இன்னொரு பாயிண்ட், நானே எடுத்து குடுக்குறேன்.)

மூணாவதா ஒரு சின்ன கட்சி, ரைட் டேக்கிள் ஜேசி லேதம லெஃப்டுக்கு கொண்டு வந்து ப்ராக்டர ரைட்டுக்கு மாத்துனு சொல்லும். பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. மில்ரோ வலது கைக்காரன், அவன் முதுகுப் பக்கம் அனுபவசாலி நிக்குறது புத்திசாலித்தனம். ஆனா பக்கம் மாறுறது செருப்ப கால் மாத்தி போடுற மாதிரி, நடக்கலாம், ஓட முடியாது. கிக் போடுற கால் மாறும், முதல் குத்து விடுற கை மாறும். லேதம என்எஃப்எல் டீம் டைட்டன்ஸ் 7ஆவது பிக்ல எடுத்து 2024ல லெஃப்டுல நிக்க வச்சாங்க, 2025ல திரும்ப ரைட்டுக்கே அனுப்பிட்டாங்க. சம்பளம் வாங்குற ஆளுக்கே அந்த கதி. ஒரு நல்ல டேக்கிளையும் ஒரு கத்துக்குட்டி டேக்கிளையும் சீசன் நடுவுல மாத்துனா, ரெண்டு கத்துக்குட்டி தான் மிஞ்சும்.

கார்டு கட்சியோட துருப்புச்சீட்டு மெக்கை பெக்டன். அதே 6 அடி 7, அதே 360 சொச்சம். 2020ல என்எஃப்எல் டீம் ஜெட்ஸ் 11ஆவதா எடுத்த டேக்கிள், முட்டி அடிபட்டு, எடை கூடி, சோம்பேறினு இதே பேர வாங்கி, 2024ல ஈகிள்ஸ்ல ரைட் கார்டா போய் சூப்பர் பவுல் ஜெயிச்சான். அவ்ளோ உயரமானவன் கார்டா சரிவர மாட்டான், தாழ்வா நிக்குறவன் தான் ஜெயிப்பான்னு நான் சொல்லிட்டு இருந்த வாதத்த பெக்டன் ஒரே வருஷத்துல ஒடச்சிட்டான். ஆனா அதே ஈகிள்ஸ் லைன்ல லெஃப்ட் டேக்கிள் யாருனு பாருங்க, ஜோர்டன் மைலாட்டா, 6 அடி 8, அதே எடை, ஆஸ்திரேலியாவுல ரக்பி ஆடிட்டு இருந்தவன், 2018ல ஏழாவது ரவுண்ட்ல எடுத்தாங்க. ரெண்டு மலையையும் ஒரே கோச் தான் செதுக்குனாரு, ஜெஃப் ஸ்டவுட்லேண்ட், ஒரு காலத்துல நம்ம ஆலபாமா லைன் கோச். அதனால இந்த உடம்பு கார்டுக்கு தான்னு யாராவது அடிச்சு சொன்னா நான் மைலாட்டாவ காட்டுவேன்.

என் ஓட்டு எதுக்குனா, லெஃப்ட் டேக்கிள்லயே விடு, ஆனா தனியா விடாத. ப்ளாக்கும் பண்ணி பாஸும் பிடிக்கிற டைட் எண்ட பக்கத்துல நிறுத்தி ரஷர போற போக்குல ஒரு இடி இடிச்சுட்டு போக சொல்லு, ப்ரொடெக்‌ஷன அவன் பக்கம் சாய்ச்சு வை, மூணாவது டவுன்ல (பத்து யார்டு போக கிடைக்குற நாலு வாய்ப்புல மூணாவது) போக வேண்டிய தூரம் நீளமா வராம பாத்துக்க, பையன 20 பவுண்ட் இறக்கு. கார்டா மாத்துனா அன்னைக்கி வலி குறையும், அந்த நீள கை வீணாப்போகும். எதிராளி உடம்ப தொடறதுக்கு முன்னாடியே தொடுற கை அது, ஓரத்துல தான் அதுக்கு விலை.

நடந்தது என்னனா, 2024 ஜனவரியில சேபன் ரிட்டையர் ஆனதும் பையன் அயோவாவுக்கு ஓடிட்டான். சோம்பேறி கட்சி பட்டாசு வெடிச்சுது. ரெண்டு மாசம் கூட முழுசா இருக்கல, மார்ச்லயே திரும்ப வரேன்னான், புது கோச் கேலன் டிபோர் சேத்துக்கிட்டாரு, அதே லெஃப்ட் டேக்கிள். கார்டுக்கு யாரும் மாத்தல. 2025 ஆகஸ்ட் 30, ஃப்ளோரிடா ஸ்டேட்கிட்ட 31-17னு ஒதை வாங்குன அன்னைக்கி பழைய பாட்டு திரும்ப ஓடுச்சு, மூணாவது வருஷமும் இப்படியா, உள்ள தள்ளுங்கனு. அன்னைக்கி அவன் ஆடுனது மோசம் தான், முட்டு குடுக்க மாட்டேன்.

சரியா நாலு வாரம் கழிச்சு ஏதென்ஸ்ல ஜார்ஜியாவோட மேட்ச், 24-21னு ஜெயிச்சோம். அதுல இந்த மனுஷன் கையில பாஸ் குடுத்தாங்க, 366 பவுண்ட், பந்த மாருல அணச்சுக்கிட்டு 11 யார்டு ஓடுறான், முன்னாடி நிக்குற குட்டி டிஃபென்சிவ் பேக் மூஞ்சிய பாக்கணுமே. எங்க பசங்கள்ல முதல் நாள்லேர்ந்து அவன சோம்பேறினு சொல்லிட்டு இருந்த ஒருத்தன் அப்பவே போன் பண்ணி கத்துறான், "டேய் கார்டு வேணாம்டா, ரன்னிங் பேக்கா போடச் சொல்லு."