ஓதம் அடிக்கும் வாடகை வீடும் ஈரம் உறிஞ்சும் மெஷினும்

வேளச்சேரியில் தரைத்தள வீடு. ஐப்பசி மழை பிடித்ததும் அலமாரிக்குள் இருக்கும் பெல்ட், தோல் செருப்பு, பட்டுப்புடவை எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். சொந்த வீடென்றால் சுவரைக் கொத்திப் பார்க்கலாம். இங்கே ஆணி அடிக்கவே ஹவுஸ் ஓனரிடம் கேட்க வேண்டும். அதனால் சுவரைத் தொடாமல் செய்யக்கூடியதை எல்லாம் சில மழைக்காலங்களாக வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன்.

முதலில், காசு செலவில்லாத ஒரு சோதனை. கனமான பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தப் பக்கம் காய்ந்தே இருந்தால் பிரச்சினை காற்றில். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு: படுக்கையறையில் காற்று, பாத்ரூமை ஒட்டிய ஹால் சுவரில் ஓதம்.

காற்றுக்கு வருவோம். அந்துருண்டை, வேப்பிலை எல்லாம் பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு இல்லை. கல் உப்புக் கிண்ணம் வைக்கச் சொல்வார்கள். ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு நீரை இழுக்கும். அதற்குள் பூஞ்சை வேலையைத் தொடங்கியிருக்கும். கடையில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது இன்னும் வறண்ட காற்றிலும் இழுக்கும். மூடிய அலமாரிக்கு உண்மையிலேயே நல்லது, அறைக்குப் போதாது. டப்பாவில் சேரும் நீர் சிந்தினால் லேசில் காயாது, பிசுபிசுக்கும், இரும்பை அரிக்கும். பீரோவுக்குள் வைப்பதானால் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு கட்டாயம்.

அப்புறம் மெஷின், அதாவது டீஹ்யூமிடிஃபையர். ஒரு நாளைக்கு 12 லிட்டர் நீரை இழுக்கும் என்று போட்டிருந்த, ஃப்ரிட்ஜ் போலக் கம்ப்ரஸர் வைத்த வகை. அந்த அளவு பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் சொல்லப்படுவது. அதாவது நம்ம ஊர் மழைக்கால அறை! கதவு, ஜன்னலைச் சாத்தி ஓட்டினால் ஈரப்பதமானி 60க்குக் கீழே இறங்குகிறது, துணியும் வீட்டுக்குள்ளேயே காய்கிறது. குறைகளும் உண்டு. அறையைச் சூடாக்கும், ராத்திரி பக்கத்தில் வைத்துத் தூங்க முடியாத சத்தம். 250 வாட் மெஷினை நாலு மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட். ஓனர் சப்-மீட்டர் வைத்து வசூலிக்கும் வீடென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏசி இருப்பவர்கள் முதலில் டிரை மோடைப் போட்டுப் பாருங்கள், அதுவே போதுமாக இருக்கலாம். உள்ளங்கை அளவில் விற்கும் குட்டி மெஷின்கள் அலமாரியைத் தாண்டி எதற்கும் உதவாது.

ஆனால் ஹால் சுவரை எந்த மெஷினும் அசைக்கவில்லை. உப்புப் பூத்து, பட்டி உரிந்து கொட்டிக்கொண்டே இருந்தது. ஓனர் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்துத் தந்தார். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் கொப்புளம் போட்டு உரிந்தது. கடைசியில் பிளம்பர் வந்து பாத்ரூம் டைல்ஸ் இடுக்குகளை அடைத்து, கசிந்த குழாயை மாற்றிய பிறகுதான் சுவர் மெல்லக் காயத் தொடங்கியது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, கட்டுமானப் பழுதையும் வெள்ளையடிப்பதையும் ஓனர் பொறுப்பில்தான் வைக்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதை விட, பிளாஸ்டிக் தாளின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியதுதான் எங்களுக்கு வேலை செய்தது.

வீடு தேடுகிறவர்களுக்கு: சுவரின் கீழ் மூன்றடி மட்டும் புதுப் பெயிண்ட்டாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சுவிட்ச் போர்டு ஸ்க்ரூவில் துரு இருக்கிறதா, அலமாரியின் பின்பலகை நாறுகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் நவம்பரில் போய்ப் பாருங்கள். மெஷினை வாங்குவதானால், வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகும் எடையா என்று பார்த்து வாங்குங்கள். என்னுடையது சக்கரம் வைத்தது, ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுவதைத் தவிர வேறு செலவு வைக்கவில்லை.