பூஜ்யத்திலிருந்து நிறுக்கும் மளிகைக் கடை

பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது இந்தச் சின்னக் கடை. 1826-இல் கட்டிய கிறிஸ்தவக் கோயில், தெரியாதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஆறு வருடமாக எங்கள் வீட்டு மளிகை முழுக்க இங்கேதான்.

தராசுக்கு மேலே பைபிளின் நீதிமொழிகள் 11:1 ஒட்டியிருக்கிறது, கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிற வசனம். வசனம் ஒட்டிய கடைகள் நம் ஊரில் நிறைய உண்டு. ஆனால் இந்த அண்ணாச்சி காலிப் பையை முதலில் தட்டில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, அப்புறம்தான் உளுந்தைக் கொட்டுவார். பையின் எடைக்கு நாம் காசு கொடுக்கக் கூடாதாம்.

போன மாதம் துவரம் பருப்பில் வண்டு இருந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் மாற்றிக் கொடுத்தார். அதோடு விடவில்லை. அதே மூட்டையில் வாங்கிய எல்லோருக்கும் போன் போட்டு வரச்சொன்னார். அடுத்த வீட்டு முஸ்லிம் அக்காவுக்கும் போன் வந்தது. அன்று சாயங்காலம் அவர் என்னிடம், "அங்க ஒட்டியிருக்கே, அது என்ன வசனம்? முழுசா சொல்லேன்" என்று கேட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் வேதத்தைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விலை சூப்பர் மார்க்கெட்டை விட ஒன்றிரண்டு ரூபாய் கூடத்தான். ஞாயிறு விடுமுறை. கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி, திராட்சை வேண்டுமென்றால் டிசம்பர் முதல் வாரமே போய்விடுங்கள்.