இலவச டாவின்சி ரிசால்வில் மாணவர் குறும்பட எடிட்டிங்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பத்து நிமிடக் கதை, இரண்டு நடிகர்கள், ஒரு வீடு, ஒரு தெரு, செல்போன் அல்லது இரவல் கேமரா. மாணவர் குறும்படங்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்கிவிடும். இதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும். எடிட்டிங், கலர், சவுண்டு, கிராஃபிக்ஸ் நான்கும் ஒரே இடத்தில். 3840 × 2160 அளவு, விநாடிக்கு 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட். ஸ்டுடியோ பதிப்புக்கு மட்டுமான எஃபெக்ட்டைத் தொட்டால்தான் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். ஃபிலிம் கிரெய்ன் அதில் ஒன்று. 295 டாலர் ஒருமுறைக் கட்டணம் கட்டி வாங்கும் ஸ்டுடியோ பதிப்புக்கு உண்மையில் ஏங்க வைப்பது ஒன்றே ஒன்று: இருட்டில் எடுத்த படத்தில் மொய்க்கும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன். இரவுக் காட்சியைப் போனில் எடுத்துவிட்டு ‘எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல இலவசப் பதிப்பில் வழியில்லை. கூடுதலாக ஒரு எல்இடி பல்பு மாட்டுவது மலிவு.

மென்பொருளில் பெரும்பாலான தொல்லைகள் அதைத் திறப்பதற்கு முன்பே உண்டாகிவிடுகின்றன. அதனால் முதலில் அதைப் பேசுவோம்.

25 ஃபிரேம், 1/50 ஷட்டர்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை மினுங்கும். போன் வழக்கமாக எடுக்கும் 30 ஃபிரேமில் ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி விழும் நேரம்) 1/60 விநாடிக்குப் போனால் ஒவ்வொரு ஃபிரேமும் அந்த மினுக்கலில் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். விளைவு, சுவரில் மேலும் கீழும் ஊரும் பட்டைகள். எடிட்டில் இதை அழிக்க நல்ல வழி கிடையாது. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் பூட்டினால் முழுச் சுற்றுகள் விழும், பட்டை வராது. ஐபோனில் கேமரா செட்டிங்கில் பால் (PAL) ஃபார்மட்டைக் காட்டச் சொன்னால் 25 ஃபிரேம் தெரியும். மற்றவற்றில் பிளாக்மேஜிக் கேமரா செயலி உதவும். இலவசம்தான், ஆனால் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது.

போன்களின் இன்னொரு பழக்கம், வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் ரேட்டைத் தானாகக் குறைத்துக்கொள்வது. கோப்பில் 30 என்று எழுதியிருக்கும், உள்ளே இடத்துக்கு இடம் மாறும். கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் போட்டால் முதல் நிமிடம் உதடும் குரலும் ஒட்டும், மூன்றாவது நிமிடம் விலகும். ஆட்டோ எஃப்பிஎஸ் என்ற வசதியை முன்பே அணைத்துவிட வேண்டும். எடுத்தாகிவிட்டது என்றால், ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ தேர்ந்தெடுத்து மாற்றி, அந்தக் கோப்பைத்தான் உள்ளே எடுக்க வேண்டும். பாதி எடிட் முடிந்தபின் மாற்றினால் வெட்டிய இடங்கள் ஓரிரு ஃபிரேம் நகர்ந்துவிடும்.

முதல் கிளிப்பை உள்ளே இழுக்கும்போது, ‘கிளிப்பின் ஃபிரேம் ரேட் ப்ராஜெக்ட்டோடு பொருந்தவில்லை, மாற்றலாமா?’ என்று ரிசால்வ் கேட்கும். இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘சேஞ்ச்’ அழுத்துகிறவர்கள்தான் அதிகம். முதலில் விழுந்தது 30 ஃபிரேம் கிளிப் என்றால் படம் முழுக்க 30 ஆகிவிடும். டைம்லைன் ஒன்று உருவான பிறகு அதன் ரேட்டை மாற்ற முடியாது. 25இல் போட்ட டைம்லைனில் 30 ஃபிரேம் ஷாட் வந்தால் விநாடிக்கு ஐந்து ஃபிரேம் உதிரும். முகத்தில் தெரியாது. கேமரா பக்கவாட்டில் திரும்பும் பேன் ஷாட்டில் கண்ணை உறுத்தும். வசனமில்லாத ஷாட் என்றால் கிளிப் ஆட்ரிப்யூட்ஸில் ரேட்டை 25 ஆக்கலாம், 83 சதவீத வேகத்தில் ஓடும். நடந்துபோகிற ஷாட்டுக்கு அந்தச் சிறு மந்தம் சில சமயம் அழகாகவே இருக்கிறது.

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் இல்லை

குழுவாக வேலை செய்யும் மாணவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இது. ரிசால்வ் ப்ராஜெக்ட் தனிக் கோப்பாக டிரைவில் இருப்பதில்லை, மென்பொருளின் டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. வீடியோக்கள் உள்ள ஃபோல்டரை பென் டிரைவில் போட்டு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோனால் எடிட் கூடவே வராது. ப்ராஜெக்ட் மேனேஜரில் வலது கிளிக் செய்து டிஆர்பி (.drp) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். வீடியோக்களும் சேர்ந்து வேண்டுமென்றால் ஆர்க்கைவ். தினமும் வேலை முடித்து எழும்போது ஒரு டிஆர்பி எடுத்துத் தேதி போட்டு மெயிலில் அனுப்பி வைத்தால் போதும், அதன் எடை மிகக் குறைவு. லைவ் சேவ், ப்ராஜெக்ட் பேக்கப் இரண்டும் ஆனில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

படம் முடியும்வரை பதிப்பை மாற்றாதீர்கள். புதிய பதிப்பில் திறந்த ப்ராஜெக்ட் பழையதில் திறக்காது. குழுவில் ஒருவர் அப்டேட் செய்தால் மற்றவர்களும் செய்தே ஆக வேண்டும். பென் டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேலான கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ரஷ்களை, அதாவது எடுத்த மூல வீடியோக்களை, வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் போய்விடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும்.

லேப்டாப் திணறும்போது

16 ஜிபி ராமும் 4 ஜிபி தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருந்தால் 1080 அளவுப் படத்துக்குக் கவலையில்லை. 8 ஜிபி, தனி கார்டு இல்லை என்றால் கட் செய்யலாம், கிராஃபிக்ஸுக்கான ஃப்யூஷன் பக்கம் போகவே கூடாது. அதுவும் முடியாவிட்டால் கேடென்லைவ் என்ற எளிய எடிட்டர் போதும், வீம்பு வேண்டாம்.

திணறலுக்கு முதல் மருந்து ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல். போன் கோப்பில் பல ஃபிரேம்கள் பக்கத்து ஃபிரேமைச் சார்ந்து சுருக்கப்பட்டிருப்பதால், ஒரு இடத்தில் நிறுத்திப் பின்னால் ஓட்ட மெஷின் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி போன்ற ஃபார்மட்டில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும். 1080 அளவில் நிமிடத்துக்குச் சுமார் 270 எம்பி பிடிக்கும். எண்பது நிமிட ரஷ்ஷுக்கு 22 ஜிபி ஒதுக்கினால் சரி. மிரர்லெஸ் கேமராவின் 10 பிட் 4:2:2 கோப்புகள் விண்டோஸ் இலவசப் பதிப்பில் படம் இல்லாமல் சத்தம் மட்டும் வரக்கூடும். அவற்றை ஷட்டர் என்கோடர் என்ற மாற்றி மென்பொருளில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸாக மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264 கோப்பையே திறக்காது.

வெட்டு எங்கே விழ வேண்டும்

இதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். மெஷின் தடங்கலில்லாமல் ஓடினால்தான் ஒரே காட்சியை நான்கு விதமாகப் போட்டுப் பார்க்கப் பொறுமை இருக்கும்.

ஒரு சிறு காட்சியை எடுத்துக்கொள்வோம். ராத்திரி தாமதமாக வரும் மகன், அடுப்படியில் அம்மா.

“சாப்டியாடா?”

“ம்... சாப்டேம்மா.”

அவ்வளவுதான். முதல்முறை எடிட் செய்கிறவர் அம்மா பேசி முடித்ததும் மகனுக்கு வெட்டுவார், மகன் பேசி முடித்ததும் அம்மாவுக்கு வெட்டுவார். பிங்பாங் ஆட்டம். யார் பேசுகிறாரோ அவர் முகம்; கேட்பவர் முகத்தில் நடந்தது எல்லாம் ரஷ்ஷிலேயே தங்கிவிடும்.

இப்போது அம்மா ‘சாப்’ என்று தொடங்கும்போதே மகனுக்குப் போங்கள். கேள்வி முடிவது அவன் முகத்தின் மேல். படம் முந்தி வெட்டப்பட்டு, அம்மாவின் குரல் பின்தொடர்கிறது. இதுதான் எல் கட். அடுத்து, அவன் ‘ம்’ சொல்வதற்கு முந்திய மௌனத்தை மாற்றிப் பாருங்கள். 10 ஃபிரேம் விட்டால் அவன் சாப்பிட்டிருக்கிறான், களைப்பாக இருக்கிறான். 35 ஃபிரேம் விட்டால் பொய் சொல்லப்போகிறான். 60க்குப் போனால் நடிகர் வசனத்தை மறந்ததுபோல இருக்கும். மூன்றாவதாக, மகனைக் காட்டவே வேண்டாம். அம்மாவின் முகத்திலேயே நின்று ‘சாப்டேம்மா’ என்பதைக் குரலாக மட்டும் விட்டால், அவன் பொய் சொல்வது அவளுக்குத் தெரியும் என்றாகிவிடும். அதே இரண்டு டேக்தான், புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை.

செய்முறை: டி (T) அழுத்தி டிரிம் மோடுக்குப் போய், ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, வீடியோ டிராக்கில் வெட்டு விழுந்த கோட்டை மட்டும் கிளிக் செய்யுங்கள். காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகள் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். ஆடியோ அசையாது. ஒவ்வொரு முயற்சிக்கும் டைம்லைனை வலது கிளிக்கில் டூப்ளிகேட் செய்து ‘அடுப்படி – மௌனம் 35’ என்பதுபோலப் பெயர் வையுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ரியல் ஃபைனல்’ என்ற வரிசைக்கு முடிவே கிடையாது.

இந்த வித்தை பலிக்க ஸ்பாட்டில் ஒரு ஒழுங்கு வேண்டும். குளோசப் எடுக்கும்போது எதிரில் நிற்பவர் வசனத்தை மேலே ஏறிப் பேசினால் குரலைப் பிரிக்க முடியாது. ஏறிப் பேசுவதுபோல் வேண்டுமென்றால் எடிட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரே ஷாட்டின் நடுவில் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தாவும் ஜம்ப் கட் ஒரு காட்சி முழுக்க வந்தால் பாணி. ஒரு இடத்தில் மட்டும் வந்தால் தப்பு என்றுதான் பார்வையாளருக்குப் படும். மியூசிக்குக்கு வெட்டும்போது பாட்டை ஓடவிட்டு எம் விசையால் மார்க்கர் தட்டிக்கொண்டு, வெட்டைத் தாளத்துக்கு ஓரிரு ஃபிரேம் முன்னால் வைத்தால் சரியாக விழுந்ததுபோல் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் டிரான்சிஷன் பொதிகள் கல்யாண வீடியோவுக்கு நல்லவை.

சத்தம்

படம் சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள், வசனம் புரியாவிட்டால் எழுந்துவிடுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 30 விநாடி ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் சத்தம், எடுக்க வேண்டும். வசனங்களுக்கு நடுவே ஆடியோவை வெட்டிய பொந்துகளை அடைக்க அதைவிட நல்ல சிமென்ட் இல்லை. ஃபேனை அணைத்து எடுங்கள். கூடவே, முந்தைய ஷாட்டில் காற்றில் ஆடிய காலண்டர் இந்த ஷாட்டில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

தனி ரெக்கார்டர் என்றால் 48 கிலோஹெர்ட்ஸ். கிளாப் அடித்திருந்தால் அலைவடிவத்தை வைத்து ரிசால்வே ஒட்டிவிடும். ஒவ்வொரு ஆடியோ வெட்டிலும் ஒரு சத்தம் மங்க மற்றது எழும் கிராஸ்ஃபேட் இரண்டு ஃபிரேமுக்குப் போடாவிட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஹெட்போனில் தெரியும், ஹாலில் இன்னும் நன்றாகத் தெரியும். வசனத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பஸ் உறுமலும் மைக் பிடித்த கையின் இடியும் குறையும். உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே இருக்கட்டும். யூடியூப் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சராசரிச் சத்த அளவு) அளவுக்கு மேல் சத்தமாக ஏற்றியதைத் தானே குறைத்துவிடும் என்பதால் கத்தி மிக்ஸ் செய்து பயனில்லை.

கலர்

முதலில் ஷாட்டுக்கு ஷாட் பொருத்தம், அப்புறம்தான் ‘லுக்’. இணையப் பாடங்கள் பல, முகம் வேவ்ஃபார்ம் என்ற வெளிச்ச வரைபடத்தில் 70 சதவீதத்தில் நிற்க வேண்டும் என்கின்றன. அது வெள்ளைத் தோலுக்குப் போட்ட கணக்கு. நம் மாநிறமோ கறுப்போ ஆன முகத்தை அங்கே ஏற்றினால் சாம்பல் பூசியதுபோல் வெளிறும். 40 முதல் 55 வரை விட்டு, பின்னணியை இறக்கிப் பாருங்கள். முகம் தானே எழுந்து நிற்கும்.

தமிழ் எழுத்து

டைட்டில் அடித்ததும் கொ, கோ, கௌ, க்ஷ ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரிசால்வின் டைட்டில் கருவியான டெக்ஸ்ட் பிளஸ்ஸில் கொம்பு இடம்மாறி நின்றால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவில் அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து மேல் டிராக்கில் போடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் எங்கும் உடையாது என்பது உண்மைதான், ஆனால் அதில் அடித்த வசனத்தை எஸ்ஆர்டி சப்டைட்டில் ஆக்கினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். எஸ்ஆர்டியை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும்.

வெளியே எடுப்பது

யூடியூப் 1080 அளவுக்கு விநாடிக்கு 8 மெகாபிட் கேட்கிறது, எச்.264இல் 16 முதல் 20 வரை கொடுங்கள், அவர்கள் மறுபடி சுருக்குவதற்கு முன் நம் பக்கம் நஷ்டம் குறையும். கையிருப்பு மாஸ்டர் ஒன்று டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸில். பத்து நிமிடத்துக்குப் பதின்மூன்று ஜிபிக்கு மேல் போகும். திரையரங்கில் போடும் விழா, அங்கே ஓடும் கோப்பு வடிவமான டிசிபி கேட்டால் இலவசமான டிசிபி-ஓ-மேட்டிக் போதும். 25 ஃபிரேமை ஏற்பார்களா என்று முன்பே கேளுங்கள். 24இல் ஓட்டச் சொன்னால் பத்து நிமிடப் படம் பத்து நிமிடம் 25 விநாடி ஆகும், குரலும் சற்றுத் தடிக்கும்.

ரெண்டர் ஆன கோப்பைத் திறந்து முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்க்காமல் அனுப்ப வேண்டாம். டிரிம் செய்யும்போது இரண்டு கிளிப்புக்கு நடுவே ஒரு ஃபிரேம் கறுப்பு விழுந்திருக்கும். லேப்டாப்பில் கண் சிமிட்டும் நேரத்தில் தப்பிவிடும், பெரிய திரையில் மின்னலடித்ததுபோல் தெரியும். டைம்லைனில் கீழ் அம்பு விசையைத் தட்டி ஒவ்வொரு வெட்டாகக் குதித்துப் போங்கள். படம் கறுப்பாகத் தெரியும் நிறுத்தம்தான் அது.