பின்காஸ் குட்டரிடம் ஒரு மணி நேரம்

சாட்பாட்டுக்கு வசனம் எழுதுவது என் பிழைப்பு. “மன்னிக்கவும், உங்கள் கேள்வி புரியவில்லை” என்பதையே நாற்பது விதமாக எழுதியிருக்கிறேன். அதனால், நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பிய ஒருவரிடம் நாமே கேள்வி கேட்கலாம், திரையில் அவர் பதில் சொல்வார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதையுமா?

சரி, பார்த்துவிடுவோம் என்று, நாஜிகளின் யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் சாட்சியங்களைச் சேகரிக்கும் ஷோவா அறக்கட்டளையின் ஐவிட்னஸ் என்ற இணையதளத்தைத் திறந்தேன். இலவசம்தான். பின்காஸ் குட்டர் என்ற பெரியவர் நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நாம் கேட்கும்வரை காத்திருக்கிறார்.

இது வாக்கியம் ஜோடிக்கும் ஏஐ இல்லை என்று தெரிந்ததும் எரிச்சல் போய்விட்டது. சுற்றிலும் கேமராக்களை வைத்து, நாள்கணக்கில் அவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கேள்விக்குப் பொருந்தும் பதிலைத் தேடி எடுப்பதோடு மென்பொருளின் வேலை முடிந்தது. அவர் சொல்லாத ஒரு சொல் வராது. (எங்கள் அலுவலகத்து பாட் தெரியாததற்கெல்லாம் பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட கதை தனி.)

குட்டர் 1932இல் போலந்தின் லோட்ஸ் நகரில் பிறந்தவர். ஒயின் தயாரிக்கும் யூதக் குடும்பம். போர் வந்ததும் வார்சாவுக்குப் போனார்கள், யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதியில் அடைபட்டார்கள். 1943 ஏப்ரலில் அங்கே நாஜிகளுக்கு எதிராக யூதர்களின் எழுச்சி வெடித்தது. அதன் பிறகு ரயிலில் ஏற்றி மைதானெக் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவருக்குப் பதினொரு வயதுகூட நிரம்பவில்லை. போன அன்றே அப்பா, அம்மா, கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி சபினா மூவரும் கொல்லப்பட்டார்கள்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சபினா எப்படி இருப்பா?” என்று அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். முகம் நினைவில்லையாம். பொன்னிறப் பின்னல் மட்டும்தான் நினைவிருக்கிறதாம். மகள் தன் சடையைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அடுத்த கேள்வி வரவில்லை.

பிறகு கட்டாய உழைப்பைப் பற்றிக் கேட்டேன். ஸ்கார்ஷிஸ்கோ-கமியென்னாவில் ஹசாக் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வெடிமருந்துத் தொழிற்சாலை. யூதக் கைதிகளை வேலைக்கு எடுத்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று எஸ்எஸ்ஸிடம் (முகாம்களை நடத்திய நாஜிப் படை) பணம் கட்டினார்கள். உழைத்தவருக்குக் காசு கிடையாது. அங்கே ‘சி’ பிரிவில் பிக்ரிக் அமிலம் என்ற வெடிபொருளோடு வேலை செய்தவர்களுக்குத் தோலே மஞ்சளாகிவிடும். இதை வேறு இடத்தில் படித்திருந்தேன்; அங்கே அடிமையாக இருந்த ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நினைத்துப் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது. பின்னால் புகன்வால்ட் முகாம், அப்புறம் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குச் சாவு நடை, அதாவது கைதிகளைச் சாகச் சாக நடத்திக் கொண்டுபோவது. 1945 மே மாதம்தான் விடுதலை.

உபயோகிக்கிறவர்களுக்கு: ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, சின்னதாக. தொழில் பழக்கத்தில் நான் மூன்றை ஒன்றாகக் கோத்துக் கேட்டு, சம்பந்தமில்லாத பதிலை வாங்கினேன், தப்பு என்னுடையதுதான். ஹெட்போன் வேண்டாம், வீட்டில் எல்லோரும் கேட்கட்டும். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். மாமியாருக்கு நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பாடச் சொன்னால் பாடுகிறார். அதற்கு என் தமிழ் தேவைப்படவில்லை.

பதினொன்றரைக்கு மூடப்போனேன். “இரும்மா, சொல்லிட்டு வந்துடறேன்” என்று மகள் மைக்கை இழுத்துக்கொண்டாள்.